கைமாற்று மொய்யான கதை

சைக்கிள் கடை வீரணனிடம் ஐயாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தான் அவனுடைய பால்ய சிநேகிதன், ரைஸ்மில் முதலாளி மாயழகு. திருப்பிக் கேட்டால், "எப்படா வாங்குனேன்?" என்று தோளில் தட்டிச் சிரிப்பான்.

மாயழகு மகளுக்குக் காதுகுத்து வந்தது. வீரணன் வெறுங்கையோடு போய், மொய் எழுதுகிறவரிடம், "ஐயாயிரம். சித்திரையிலயே மாயழகு கையில குடுத்துட்டேன்" என்றான். அவர் அதை அப்படியே மைக்கில் வாசித்தார்.

அன்றைக்கு அதுதான் பெரிய மொய். பந்தலே திரும்பிப் பார்த்தது. மாயழகு மீசையைத் தடவிக்கொண்டு, "ஆமா, குடுத்தான். வாங்குனேன்" என்றான்.

"சந்தோசம் மாப்ளே. வர்ற வெள்ளிக்கிழமை என் மகளுக்கும் காதுகுத்து."

மாயழகுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீரணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அடப்பாவி, அந்த ஐயாயிரத்தை இப்பவே தந்துர்றேன்டா" என்றான்.

"கடன்னு ஒத்துக்கிட்டிருந்தா ஐயாயிரத்தோட போயிருக்கும் மாப்ளே. இப்ப மொய்யாச்சே, மேல வச்சுல்ல திருப்பிச் செய்யணும்."