கருநாக்குக்காரி

ஒரு ஊரில் இரண்டு கதைகள் குடியிருந்தன. அக்கா, தங்கை. தங்கையின் பெயர் பொன்னூர்க்கதை. அவள் வாயைத் திறந்தால் பூட்டில்லாத வீடுகளும் முப்போகம் விளையும் வயல்களுமாக ஒரு ஊர் கண்முன்னால் வந்து நிற்கும். அக்கா பாழூர்க்கதை. அவள் சொல்வதெல்லாம் ஆளில்லாமல் அழிந்துபோன ஒரு ஊரைப் பற்றி.

தங்கைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் இலை போட்டுச் சாப்பாடு. அக்கா தெருவில் வந்தாலோ கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அவள் கருநாக்குக்காரி, சொன்னால் சொன்னது நடந்துவிடும் என்று ஊரே நம்பியது. மேலத்தெருக் கிணறு வற்றும் என்று ஒருமுறை சொன்னாள், வற்றியது. ஓயாமல் மோட்டார் போட்டு இறைத்தது யார் என்று எவனும் கேட்கவில்லை. எந்த வாய் சொன்னது என்று மட்டும் கேட்டார்கள். நல்ல நியாயம் போங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஊர் கூடிக் கதை கேட்பது அங்கே வழக்கம். எந்தக் கதையைக் கேட்கிறார்களோ, வருஷமும் அப்படியே அமையும் என்று நினைப்பு. அதனால் எப்போதும் தங்கைதான் சொல்வாள். கேட்டுவிட்டு, சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டு, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று போய்ப் படுத்துக்கொள்வார்கள். ஏரிக்கரைப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் கரையே அக்காவைக் கூப்பிட்டது. உள்ளெல்லாம் எலிவளை, இந்த மழைக்குத் தாங்கமாட்டேன், ஊரில் போய்ச் சொல் என்று அழாத குறையாகக் கெஞ்சியது. வாயைத் திறந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவார்கள் என்றாள் அக்கா.

"நீ திறக்கலேன்னா, துரத்துறதுக்கு ஊரே இருக்காதடி" என்றது கரை.

கூட்டத்தில் தங்கை எழுந்திருக்கும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை பாழூர் என்று மூடி மறைக்கவில்லை. இதே ஊர், இதே ஏரி, கரை உடைகிறது, செங்கமலத்தின் மாட்டுத் தொழுவத்தில் கழுத்தளவு தண்ணீர் என்று பேர் சொல்லியே சொன்னாள். கூட்டம் கொதித்துப்போனது. நல்ல நாளும் அதுவுமாக அபசகுனம் பேசினவளை இப்போதே எல்லை தாண்டி விட்டுவிட்டு வாருங்கள் என்று நாட்டாமை மாசிலாமணி குதித்தார்.

இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் செங்கமலம் குறுக்கே வந்தாள். மாடுகளை நம்பிப் பிழைக்கிறவள், பயம் அவளுக்குத்தானே.

"இரு. உன் கதையில கரை எந்த இடத்துல உடையுது?"

அந்த ஊரில் ஒரு கதையிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. அக்கா திகைத்துப்போய், மதகுக்கு வடக்கே, வேலமரத்துக்குக் கீழே என்றாள்.

"அங்க மண்ணைப் போட்டு அடைச்சுட்டா?"

"என் கதை பொய்யாயிடும்."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுச் செங்கமலம் மண்வெட்டி எடுக்கப் போனாள்.

முதலில் நாலைந்து பேர் பின்னால் போனார்கள். பிறகு தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். மண் சுமந்து தோள் சலித்தபோது தங்கை கரைமேல் ஏறி நின்று, இந்தத் தண்ணீர் தங்கினால் ஊர் எப்படியெல்லாம் விளையும் என்று சொன்னாள். அன்றைக்கு அதைக் கேட்டு யாரும் படுக்கப் போகவில்லை, அடுத்த கூடையைத் தூக்கினார்கள்.

மழை வந்தது. சாதாரண மழையா அது, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி விளிம்பு தொட்டுத் தளும்பியது. கரை கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை.

மழை விட்ட காலையில் ஏரியைப் பார்க்க ஊர் மொத்தமும் திரண்டது. நாட்டாமைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அக்காவிடம் நேரே வந்தார்.

"ஊரு முழுகும்னியே, எங்க முழுகிச்சு? நீ சொன்னதுல ஒண்ணாவது பலிச்சுதா?"

பாழூர்க்கதை வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பலிக்காம போகணும்னுதானே ஐயா சொன்னேன்."