அஞ்சுகம் காட்டிய மனை

ஊர்ப் பாசன ஏரியில் வீட்டுமனை போட அனுமதி கேட்டு வந்த தனராசு, எதிர்த்து வந்திருந்த ஊராரைக் காட்டி, கோட்டாட்சியர் முன்னால் அடித்துச் சொன்னார்: "அது பொட்டல்காடுங்க ஐயா. ஏரி இருந்தா இவங்க காட்டட்டும்!"

ஜெராக்ஸ் கடையில் வேலைபார்க்கும் அஞ்சுகம் மடிக்கணினியோடு எழுந்தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த செயற்கைக்கோள் படங்களை அடுக்கி அவளே செய்த வரைபடம் அதில் இருந்தது. முதலில் ஏரி காய்ந்து கிடந்த கோடைக்காலப் படத்தைக் காட்டினாள்.

"அண்ணாச்சி, உங்க சொந்த வீட்டுக்கு நல்ல மனையா ஒண்ணு தொடுங்களேன்."

தனராசு பெருமையாக நடுவில் தொட்டார். அவள் அதன்மேல் மார்கழிப் படத்தைப் போட்டாள். மனை முழுக்கத் தண்ணீர்.

"வீட்டுக்குப் படகுலயா போவீங்க?"

கூட்டம் சிரித்தது. கோட்டாட்சியர் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

ஊரார் அஞ்சுகத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"என்னை எதுக்கு? நம்ம ஏரியை வானத்துலேருந்து படம்பிடிச்சு, எல்லாருக்கும் சும்மா குடுத்தாங்களே, அந்த முகம் தெரியாதவங்க நல்லா இருக்கணும்" என்றாள்.