வார்டனம்மா தரையில் உட்கார்ந்த நாள்

செபஸ்தியம்மாள் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றின் வார்டன். ஐம்பதைத் தாண்டியவள். அவள் குரல் கேட்டால் மாடியில் ஓடுகிற பிள்ளைகளும் அப்படியே நின்றுவிடும்.

பேச்சிக்கனி மட்டும் நிற்க மாட்டாள்.

பேச்சிக்கனிக்குப் பதினைந்து வயது. அவளை வைத்துச் சமாளிக்க முடியாது என்று ஏற்கெனவே இரண்டு இல்லங்கள் கைவிரித்திருந்தன. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவாள், கிட்டே போனால் கடிப்பாள். செபஸ்தியம்மாள் அவளை முட்டிபோட வைத்துப் பார்த்தாள். சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தாள். ஒருநாள் அறையில் போட்டுப் பூட்டினாள். உள்ளே அந்தப் பிள்ளை கதவில் தலையை மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டதும் பதறிப்போய்த் திறந்துவிட்டாள்.

கடைசியில் அவள் ரஹ்மத் நிஷாவைத் தேடிப் போனாள். நிஷா உளவியல் படித்தவள். வளரிளம் பிள்ளைகளுக்காக ஊரில் ஒரு மையம் நடத்துகிறவள். செபஸ்தியம்மாளுக்கு மகள் வயதுதான் இருக்கும்.

"மேடம், நேத்து சாப்பாட்டுத் தட்டை எறிஞ்சிட்டா. என்ன தண்டனை குடுத்தா இந்தப் பிள்ளை திருந்தும்?"

"நேத்து அவ தட்டை எறிஞ்சப்போ உங்க கை எங்கக்கா இருந்துச்சு?"

"என் கையா?"

"உங்க கைதான்."

செபஸ்தியம்மாளுக்குச் சுருக்கென்றது. "எறிஞ்சது அவ மேடம். என்னைய ஏன் கேக்கிய?"

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று முணுமுணுத்துக்கொண்டே செபஸ்தியம்மாள் திரும்பினாள். ஆனாலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அடுத்த முறை பேச்சிக்கனி டம்ளரைச் சுவரில் அடித்தபோது, கத்திக்கொண்டிருந்த செபஸ்தியம்மாள் சட்டென்று தன்னையே பார்த்தாள்.

மறுபடியும் போனாள்.

"என் விரலு அவ மூக்குக்கு நேரா நீண்டிருந்துச்சு மேடம். தொண்டை கிழியக் கத்திட்டிருந்தேன். வாசல மறிச்சு நின்னேன்."

"அவளுக்கு எந்தப் பக்கம் வழி இருந்துச்சு?"

செபஸ்தியம்மாள் அந்த அறையின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வாரேன்க்கா" என்றாள் நிஷா.

நிஷா வந்த அன்று படிக்கும் அறையில் ஸ்டூல் பறந்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கிச் சிதறியது. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு நிஷா உள்ளே போனாள். வாசலை விட்டு விலகி, சில்லு விழாத இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"கதவு திறந்துதான் இருக்கு. நான் இங்க உக்காந்திருக்கேன்."

பேச்சிக்கனி வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் கொட்டினாள்.

"ம்" என்றாள் நிஷா.

பேச்சிக்கனி காறித் துப்பினாள். எச்சில் நிஷாவின் துப்பட்டாவில் விழுந்தது. வெளியே நின்ற செபஸ்தியம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. நிஷா அசையவில்லை. அறிவுரை சொல்லவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. அவள் மூச்சு மட்டும் ஒரே சீராக வந்து போனது. வெகு நேரம் கழித்து அந்தப் பிள்ளையின் மூச்சும் மெல்ல இறங்கியது.

"கால்ல ரத்தம் வருது. நான் துடைக்கவா, நீயே துடைச்சுக்கிறியா?"

பேச்சிக்கனி கையை நீட்டி, நிஷா கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

பிறகு செபஸ்தியம்மாள் நிஷாவைத் தேடினாள். அவள் பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய முகத்தையே மறுபடி மறுபடி கழுவினாள்.

"பயந்துட்டியளா மேடம்?"

"பயமில்லாம இருக்குமாக்கா?"

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா அப்படி உட்கார்ந்திருந்தாள்! செபஸ்தியம்மாளுக்கு அந்தச் சின்னப் பெண்மேல் அன்றைக்குத்தான் மதிப்பு வந்தது.

"அப்ப தண்டனை கிடையாதா?"

"நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஆள் வரும்போது அவளும் கூட நின்னு பிடிக்கட்டும். இன்னைக்கு எது சொன்னாலும் ஏறாது. தீப்பிடிச்ச வீட்டுக்குள்ள நின்னு யாராவது வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பாங்களா?"

அன்று முதல் செபஸ்தியம்மாளும் நிஷாவைப் போல இருக்கப் பழகத் தொடங்கினாள். சுலபமாக இல்லை. பாதி நாள் பழைய குரலே முந்திக்கொண்டது. அப்படி ஆகும்போது, "இப்ப நான் கத்தினது தப்பு" என்று பிள்ளையிடமே சொன்னாள். பேச்சிக்கனி அவளை வினோதமாகப் பார்த்தாள்.

இந்தச் சமயத்தில் இல்லத்துச் செயலாளர் தேவசகாயம் வந்தார். இல்லத்து ஆயாவின் கையைப் பேச்சிக்கனி கடித்த கதை அவர் காதுக்குப் போயிருந்தது.

"இந்த மாசத்தோட அவள வேற எடத்துக்கு அனுப்பிருங்க."

வராந்தாவில் பேச்சிக்கனி நின்றிருந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த நிமிடம் சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. செபஸ்தியம்மாள் ஓடிப் போய்ப் பார்த்தபோது, காய் நறுக்கும் கத்தியோடு அவள் மூலையில் நின்றாள்.

செபஸ்தியம்மாள் சமையல்காரியை வெளியே போகச் சொன்னாள். வாசலுக்கு வந்த தேவசகாயத்தையும் கையால் தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு, முட்டிவலிக்காரியான செபஸ்தியம்மாள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"நீயும் அனுப்பிருவ!" என்று கத்தினாள் பேச்சிக்கனி.

அனுப்ப மாட்டேன் என்று சொல்லத்தான் செபஸ்தியம்மாளுக்கு நாக்கு துடித்தது. அது தன் கையில் இல்லை என்பதும் தெரிந்தது.

"அனுப்பச் சொல்லுதாங்க. நான் வேண்டாம்னு சொல்லுவேன். கேப்பாங்களான்னு எனக்குத் தெரியாது தாயி."

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. செபஸ்தியம்மாள் வலியில் ஒரு காலை மெதுவாக நீட்டினாள்.

"முட்டி வலிக்கலையா?" என்று கேட்டாள் பேச்சிக்கனி.

"உயிர் போகுது."

"அப்ப எந்திரிக்க வேண்டியதுதான?"

"தனியா முடியாதுட்டி. யாராவது கை குடுத்தாத்தான்."

பேச்சிக்கனி நின்றாள். கத்தியை மேடையில் வைத்தாள். வந்து கையை நீட்டினாள்.

தேவசகாயம் வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரீட்சை வரைக்கும் இருக்கட்டும்" என்றார். பரீட்சை முடிந்த பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து செபஸ்தியம்மாள் நிஷாவைப் பார்க்க வந்தாள். முகம் வாடியிருந்தது.

"எல்லாம் போச்சு மேடம். நல்லாத்தான் இருந்தா. நேத்து போன்ல அவ மாமன் என்னத்தையோ சொல்லிட்டான். குளியலறை வாளியைப் போட்டு உடைச்சிட்டா. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சே."

நிஷா அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"உடைச்சிட்டு என்ன செஞ்சா?"

"என்ன செஞ்சா... நேரா என் ரூமுக்கு வந்தா. உடைச்சிட்டேன்னு சொல்லிட்டு என் கட்டில் பக்கத்துல உக்காந்துட்டா. ரொம்ப நேரம் அழுதா."

"முன்னாடியெல்லாம் உடைச்சிட்டு எங்கக்கா போவா?"

டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி செபஸ்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். "யாருகிட்டயும் போக மாட்டா மேடம்" என்றாள்.