மரநாய் சொன்ன புளி விலை

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதன் பெரிய பொந்தில் ஓர் அணிலும் ஒரு காட்டுக்கோழியும் கூட்டாகக் கடை வைத்திருந்தன. சரக்கு ஒன்றே ஒன்றுதான், புளி. அணில் புளியமரத்தில் ஏறிப் பழத்தைப் பறித்துப் போடும். கோழி கீழே நின்று ஓட்டைக் கொத்தி உடைக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து உருண்டை பிடித்து அடுக்கும். அந்தக் காட்டில் காசு கிடையாது. எதை வாங்கினாலும் வள்ளிக்கிழங்குதான் கொடுக்க வேண்டும்.

கோழிக்கு முட்டையிடும் காலம் வந்தது. குளக்கரை தாழ்வான இடம். மழை பிடித்தால் ஒரு முட்டையும் பொரிக்காது. மலைக்குகையில் முள்ளம்பன்றியிடம் ஈரம் படாத ஒரு மூலை இருந்தது.

"முப்பது கிழங்கு கொண்டு வந்தால் மூலை உனக்கு. மழைக்கு முன்னால் வராவிட்டால் முயலுக்குக் கொடுத்துவிடுவேன்" என்றது முள்ளம்பன்றி.

கோழி அணிலிடம் வந்தது. "அண்ணே, கடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பாதிக்கு உள்ள விலையைக் கிழங்காகக் கொடுத்துவிட்டால் நான் கிளம்பிவிடுவேன்."

அணில் நல்ல குணம் உள்ளது. ஆனால் அதற்குக் கணக்கு வராது.

"இந்தப் புளிக்கு விலை சொல்ல முடியுமா தங்கச்சி? எத்தனை கிளை தாவியிருக்கிறேன். எத்தனை எறும்பு கடித்திருக்கிறது. ஒருநாள் பருந்து என் வாலையே பிடித்துவிட்டது. உருண்டை பத்துக் கிழங்குக்குக் குறையாது!"

"சரி. நாற்பது உருண்டை இருக்கிறது. மொத்தம் நானூறு கிழங்கு. என் பாதி இருநூறு. எடுத்து வையுங்கள்."

தூக்கி நின்ற அணிலின் வால் தொங்கிப்போனது. "கொடுக்க வேண்டியது நானா? நான் விற்கிற விலையை அல்லவா சொன்னேன்."

"பருந்து உங்கள் வாலைப் பிடித்ததற்கு யாராவது கிழங்கு கொடுப்பார்களா அண்ணே?"

"கொடுக்க மாட்டார்கள்தான்" என்று அணில் ஒப்புக்கொண்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பொந்து கரடிக்குச் சொந்தம். மழைக்காலம் முடிந்ததும் வாடகையாக ஒரு தேனடை தருவதாக இரண்டும் வாக்குக் கொடுத்திருந்தன. அந்தக் கடனையும் கழித்துத்தான் கடைக்கு விலை போட வேண்டும். எப்படிக் கழிப்பது என்று இரண்டுக்கும் தெரியவில்லை.

காட்டில் யார் எதைப் பிரித்தாலும் மரநாய்தான் வந்து விலை சொல்லும். அணில் போய் அதை அழைத்தது.

வரும் வழியில் மரநாய் மெதுவாகப் பேச்சை எடுத்தது. "பயப்படாதே மாப்பிள்ளை. உனக்குத் தோதாகச் சொல்லிவிடுகிறேன். கூலி எட்டு உருண்டை."

இருநூறு கிழங்கு என்று கேட்ட பயம் அணிலுக்கு இன்னும் போகவில்லை. தலையாட்டிவிட்டது.

மரநாய் பொந்துக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டது. "போன வருஷம் வெள்ளம் வந்த அன்று ஒரு முயல் உயிருக்குத் தப்பி ஓடியது. அந்த அவசரத்தில் உருண்டையை அரைக் கிழங்குக்குத் தள்ளிவிட்டது. அதுதான் விலை. நாற்பதுக்கு இருபது கிழங்கு."

"இன்றைக்கு வெள்ளம் வரவில்லையே மாமா? நான் நடந்துதானே போகிறேன்?"

"விலை சொல்லும்போது குறுக்கே பேசாதே. அடுத்தது தேனடைக் கடன். மழைக்குப் பிறகு தேன் கிடைக்குமோ கிடைக்காதோ. கிடைக்காவிட்டால் கரடி அறையும். அந்த அறையையும் சேர்த்து ஐம்பது கிழங்கு." மரநாய் விரலை மடக்கியது. "சரக்கு இருபது, கடன் ஐம்பது. கடையில் முப்பது கிழங்கு பள்ளம். கோழி தன் பங்குக்குப் பதினைந்து கிழங்கை அணிலிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்."

மழையில் நனையும் முட்டைகள்தான் கோழியின் கண்ணுக்குள் நின்றன. பிறகு கழுத்தைச் சாய்த்து அணிலைப் பார்த்தது.

"மாமா சொன்ன விலைக்கு எனக்குச் சம்மதம் அண்ணே. ஆனால் நீங்கள் போங்கள், நான் இருக்கிறேன். நாற்பது உருண்டையும் எனக்கு. கரடிக் கடனும் என் தலையில். நீங்கள் பதினைந்து கிழங்கை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்."

அணில் துள்ளியது. "புளியும் போய்க் கிழங்கும் போகுமா? இது என்ன விலை!"

"உங்கள் மாமா சொன்ன அதே விலைதான். நான் போனால் ஒரு விலை, நீங்கள் போனால் ஒரு விலையா?"

அணில் தலையைச் சொறிந்தது. மரநாய் மெல்ல எழுந்தது. "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. என் கூலியைக் கொடு."

"கூலி எவ்வளவு?" என்று கேட்டது கோழி.

"எட்டு உருண்டை" என்றது அணில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவ்வளவு புளியைத் தூக்கிக்கொண்டு மாமா ஏன் கஷ்டப்பட வேண்டும்? கிழங்காகவே கொடுத்துவிடுங்கள். உருண்டைக்கு அரைக் கிழங்கு. எட்டுக்கு நாலு."

அணில் நாலு கிழங்கை எடுத்து மரநாயின் முன்னால் வரிசையாக வைத்தது.

"நாலா? யாரிடம் விளையாடுகிறீர்கள்? நேற்றுச் சந்தையில் உருண்டை இரண்டு கிழங்குக்குப் போனது. கீரி வாங்கியது, நீர்நாய் வாங்கியது. என் எட்டுக்குப் பதினாறு கிழங்கு வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் மரநாய் வாயைப் பொத்திக்கொண்டது.

குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. "தேனடையும் நேற்று இருபது கிழங்குதான். நானே வாங்கித் தின்றேன். இன்றைக்கே இருபது கிழங்கு வைத்தால் வாடகை தீர்ந்தது என்று சொல்லிவிடுவேன். யாரையும் அறைய மாட்டேன். ஐம்பதுதான் கொடுப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்."

"ஒரு சந்தேகம் மாமா" என்றது கோழி. "சந்தையில் போனது விதை எடுத்த புளியா?"

"விதை எடுத்ததுதான்" என்று மரநாய் முனகியது.

"நம்முடையதும் அதுதான்" என்றது அணில். "விதையையெல்லாம் நான் அன்றைக்கன்றே தின்றுவிட்டேன்."

இப்போது கணக்கு சுலபமாகிவிட்டது. புளி எண்பது கிழங்கு. கடன் இருபது போக அறுபது. பாதி முப்பது.

"இந்த விலைக்கு நீங்கள் போவீர்களா அண்ணே?"

"போவேன். இருக்கச் சொன்னாலும் இருப்பேன்."

"நானும் அப்படித்தான்" என்று கோழி சிறகை அடித்துக்கொண்டது.

மரநாய் நாலு கிழங்கையும் அள்ளிக்கொண்டு மரம் ஏறிவிட்டது.

அணில் எண்ணிக் கொடுத்த முப்பது கிழங்கும் குகைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் மழை பிடித்தது. மழை விட்டபோது கோழியின் பின்னால் ஒன்பது குஞ்சுகள் ஓடின. அவற்றைப் பார்க்க அணில் ஓர் உருண்டைப் புளியோடு மலையேறி வந்தது.

"உருண்டை என்ன விலை மாமா?" என்று கேட்டது கடைசிக் குஞ்சு.

"நீ வாங்கப் போகிறாயா, விற்கப் போகிறாயா?"

குஞ்சு யோசித்தது. "எதுவானால் என்ன? விலை ஒன்றுதானே?"

அணில் சிரித்துக்கொண்டே அந்த உருண்டையைக் குஞ்சுக்கே கொடுத்துவிட்டது.

பட்ட பாட்டையும் படப்போகிற பயத்தையும் தள்ளிவிட்டு, அவசரம் இல்லாத இருவர் வாங்கவும் விற்கவும் இன்றைக்கு ஒப்புக்கொள்ளும் விலைதான் நியாயமான விலை.