ராஜாவை யாரென்று கேட்ட கதவு

கம்ப்யூட்டர் வந்துவிட்ட பிறகு, ஆனால் ராஜாக்கள் இன்னும் போகாத ஒரு காலத்தில், தேனருவி நாட்டைக் கொண்டல்பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். சாரல் விழுந்தால் போதும், மனுஷர் மூன்று மாதம் மலை மாளிகைக்குப் போய் அருவியில் தலையைக் கொடுத்துவிடுவார். ஆணை போடும் கம்ப்யூட்டரோ கோட்டைக்குள்ளே. மலையிலிருந்து அதைத் திறப்பது எப்படி?

"இதென்ன பிரமாதம்!" என்று மீசையை முறுக்கினார் தளவாய் உக்கிரப்பெருமாள். "மலைக்கும் கோட்டைக்கும் சுரங்கம் மாதிரி ஒரு ரகசிய வழி போடுவோம். மகாராஜாவின் பட்டங்கள்தான் கடவுச்சொல். ஒரு தடவை சொன்னால் நாற்பது அறைக் கம்ப்யூட்டரும் திறந்துகொள்ளும்!"

கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்த பொன்னுருவி குறுக்கே வந்தாள். "வெறும் சொல் போதாது மகாராஜா. உங்கள் விரல் மோதிரத்தையும் காட்டணும். ஒவ்வொரு அறையும் தனித்தனியாக 'யார்?' என்று கேட்கணும்."

"என் வீட்டுக் கதவு என்னையே யாரென்று கேட்பதா?" ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "தளவாய் சொன்ன வழிதான். சாரலுக்கு முன் இங்கிருந்தே மூன்று நாள் பார்ப்போம். பழுது வராவிட்டால் நீ கழுதை லாயத்துக்குப் போ!"

பாவம், கழுதை என்றாலே அவளுக்குத் தும்மல் வரும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தினமும் விடிந்ததும் கட்டியக்காரன் தெருமுனை தெருமுனையாக நின்று ராஜாவின் பட்டங்களை ஒன்று விடாமல் முழங்குவான். ஊருக்கே மனப்பாடம்! பொன்னுருவி அதைச் சொல்ல வாயெடுத்தாள். "மகாராஜாவின் பட்டத்தையா குறை சொல்கிறாய்?" என்று தளவாய் அடக்கிவிட்டார்.

முதல் நாளே கம்ப்யூட்டரிலிருந்து ராஜ முத்திரையோடு ஓர் ஆணை வந்து விழுந்தது. 'இனி திங்கட்கிழமை கிடையாது.' மறுநாள், 'மாமியார்கள் அனைவரும் ஆற்றுக்கு அக்கரை போகவும்.' ராஜா திருதிருவென விழித்தார். ஆனால் மாமியார் போவதைத் தடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள்: 'தளவாயின் மீசை அரசுடைமை. நாவிதர் எடுத்துக்கொள்ளவும்.'

"ஐயையோ, இதெல்லாம் நான் அனுப்பவே இல்லை!" என்று ராஜா எழுந்தார். அதற்குள் அடுத்த ஆணை: 'சிம்மாசனத்தில் இருப்பவர் போலி. வெளியே தள்ளவும்.'

காவலர்கள் ராஜாவை அலாக்காகத் தூக்கினார்கள்.

"அடேய், நான்தான்டா ராஜா!"

"மன்னிக்கணும் ஐயா, ஆணையில முத்திரை இருக்கே!"

"பொன்னுருவி, காப்பாத்தும்மா!"

தூணோரம் நின்றவள் போனை இடுப்பில் செருகினாள். "கடைசி ஆணை மட்டும் என் கைவேலை மகாராஜா. மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் போட்டது. காவலரே, அவர் விரலைப் பாருங்கள்."

பார்த்தார்கள். இருபது வருஷமாகக் கழற்ற முடியாமல் சதையில் புதைந்துகிடந்த மோதிரம். தொப்பென்று ராஜாவைக் கீழே விட்டார்கள்.

"கதவு உங்களைச் சந்தேகப்படவில்லை மகாராஜா," என்றாள் பொன்னுருவி. "உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறவனைத்தான்."

ராஜா இடுப்பைத் தடவிக்கொண்டே சிரித்தார். "கோட்டை வாசல் எல்லாம் இனி உன் பொறுப்பு. தளவாய்க்கு லாயம்." திங்கட்கிழமையைத் திருப்பிக் கொடுத்தார். மீசை ஆணைக்கு மட்டும் மோதிரத்தைக் காட்டி, "இது இப்போது நான் போட்டது!" என்றார்.

மழுமழுவென்று லாயத்துக்குள் நுழைந்த தளவாயைக் கழுதைகளுக்கே அடையாளம் தெரியவில்லையாம். விட்டன ஓர் உதை!