எத்தனை அடி ஆழம்?

எந்த ராஜா என்று கேட்காதீர்கள். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை ஓடும். அவருடைய எதிரி ஒரு மலைக்கடியில் முந்நூறு அடி ஆழத்தில் வளை தோண்டிப் பதுங்கியிருந்தான். அவனை என்ன செய்வதென்று ஆயுதசாலையில் சபை கூடியது. மண்ணின் உள்விவரம் தெரிந்தவர் ஒருவராவது வேண்டுமே என்று, கிணறு வெட்டும் மாசாணத்தின் கடப்பாரையையும் தூக்கி வந்து மூலையில் சாத்தினார்கள்.

அந்த மலையடியில்தான் மாசாணத்தின் வீடு.

மூக்குக் கூரான சின்ன அணுகுண்டு எழுந்து சபையை வணங்கியது. "பெரிய குண்டு அண்ணன் இத்தனை வருஷமாகச் சும்மா படுத்திருக்கிறார். அவரை எடுத்தால் நாடே போகும் என்று எல்லாருக்கும் பயம். நான் அடக்கமானவன். மண்ணுக்குள் போய்த்தான் வெடிப்பேன். மேலே வாசலில் போட்ட கோலம்கூடக் கலையாது."

சபை தலையாட்டியது.

"தம்பி, எத்தனை அடி இறங்குவீங்க?" என்றது கடப்பாரை.

"இருபது."

"அவன் முந்நூறுல இருக்கானே."

"மிச்சத்தை என் அதிர்வு பார்த்துக்கொள்ளும்."

"இறங்கின ஓட்டையை யாரு மூடுறது?"

கடப்பாரையின் நுனியில் ஒட்டியிருந்த புழுதிதான் பதில் சொன்னது. "அவர் உள்ளே வந்தா நான் வெளியே கிளம்பணும், அவரோட நஞ்சையும் சுமந்துக்கிட்டு. காத்து இழுத்த பக்கம் போவேன். பால்சட்டி, தொட்டில்னு பார்த்து ஒதுங்க எனக்குக் கண் கிடையாது."

"சும்மா பயங்காட்டுகிறது," என்றது சுவரில் தொங்கிய வரைபடம். "எதிரியின் வளை என்னிடம் துல்லியமாக இருக்கிறது."

"வாய் எத்தனை போட்டிருக்கு?" என்றது கடப்பாரை.

"ஒன்று."

"எலி பிடிக்கிறவன்கூட முதல்ல பின்வாயைத் தேடி அடைச்சிட்டுத்தான் புகை போடுவான், ஐயா."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "தயாராக மட்டும் வைப்போம், பயமுறுத்த," என்றார்.

பெரியவனை எடுக்க ஒரு கையும் நீண்டதில்லை. சின்னவனை எடுக்க எல்லாக் கையும் நீண்டது. ஆடிக்காற்று வீசிய ஒரு நாளில் எடுத்தார்கள். இருபது அடி இறங்கியது. மலை எழுந்து நின்று உட்கார்ந்தது. எதிரி பின்வாய் வழியாகக் கிளம்பிப் போய் நாலு நாளாகியிருந்தது.

குண்டு சொன்னதிலும் ஒன்று பலித்தது. காற்றடித்த பக்கத்து ஊர்களில் கோலம் கலையவில்லை. அதன்மேல் ஒரு விரற்கடை புழுதி படிந்திருந்தது, அவ்வளவுதான். அழிக்கவும் ஆளில்லை.

அப்புறம் கடப்பாரைக்கு ஓயாத வேலை. பிடித்த கை மாசாணத்தின் கை இல்லை. முதல் குழியே அவனுக்குத்தான்.

எத்தனை அடி என்று இந்தத் தடவை அது யாரையும் கேட்கவில்லை. ஆறு போதும்.