பிரிக்காத மூட்டை

ஒரு காட்டில் ஆந்தை முதல் ஆமை வரை எல்லா விலங்குகளும் கணினி வைத்திருந்தன, பிள்ளைகளே. சிரிக்காதீர்கள், இது சிரிக்கிற கதை இல்லை. அந்தக் கணினிகளில் ஓடியது காடே சேர்ந்து உருவாக்கிய ஒரு லினக்ஸ் இயங்குதளம். அதற்கு வேண்டிய நிரல்கள் பொதி பொதியாகப் பொதுக் கிடங்கில் இருக்கும். அவற்றில் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய இருநூறு பொதிகளையும் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு அழுங்கு. உடம்பெல்லாம் செதில், வேலையெல்லாம் நிதானம்.

கிடங்குக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியூரில் கட்டிய மூட்டையை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. மூல நிரலைப் படித்து, இங்கேயே புதிதாகக் கட்ட வேண்டும். பல நிரல்களுக்கும் பொதுவான துணை நிரல் என்றால் கிடங்கில் அதற்கு ஒரே பிரதிதான். அதில் ஓட்டை விழுந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும், எல்லாருக்கும் அடைபட்டுவிடும்.

"எனக்குத் துணைக்கு ஒருத்தராவது வாங்களேன்" என்று அழுங்கு ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டது.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று எல்லாம் வாலை ஆட்டிவிட்டுப் போயின.

ஆற்றோரப் பள்ளத்தில் முயல்கள் வளை தோண்டி வாழ்ந்தன. வெள்ளம் ஏறினால் அலறி எழுப்பும் வெள்ள மணி நிரல் ஒன்றுதான் அவற்றுக்குக் காவல். மழைக்காலம் நெருங்கும்போது அதன் புதுப் பதிப்பு வெளியானது. அவசரக்குடுக்கைக் குரங்கு தினமும் அழுங்கின் பொந்துக்கு வந்து நின்றது.

"என்னக்கா, இன்னுமா கட்டுறீங்க?"

"இதுக்கு நாற்பது துணை நிரல் வேணும் தம்பி. ஒண்ணொண்ணா பிரிச்சுப் பார்க்கணும்."

"நாற்பதையும் உள்ளே வச்சு, நிரலை எழுதின வெளியூர்க்காரங்களே ஒரே மூட்டையா தர்றாங்க. அப்படியே தூக்கி வையுங்க. மழை உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

அழுங்கு பாவம், களைத்துப் போயிருந்தது. இந்த ஒரு தடவை மட்டும் என்று மூட்டையை அப்படியே கிடங்கில் வைத்தது. மேலே ஒரு சீட்டு ஒட்டியது: "பிறகு பிரித்துப் பார்க்கவும்." அந்தப் பிறகு வரவே இல்லை. மற்ற பொதிகள் விட்டால்தானே?

ஐப்பசியில் கெட்ட செய்தி வந்தது. கணினியில் நடப்பதைக் குறித்து வைக்க, பல நிரல்களும் பயன்படுத்தும் துணை நிரலில் பெரிய ஓட்டையாம். அதன் வழியே யார் வேண்டுமானாலும் கணினிக்குள் நுழையலாமாம். அழுங்கு காலையில் உட்கார்ந்து, மதியத்துக்குள் கிடங்குப் பிரதியில் ஓட்டையை அடைத்துவிட்டது. அப்போது தாய் முயல் ஒன்று நான்கு குட்டிகளோடு ஓடி வந்தது.

"எங்க வெள்ள மணிக்கு ஒண்ணும் ஆகாதே அக்கா? வானம் கருக்குது. மேட்டுக்குப் போயிடவா?"

"இந்தப் பச்சைக் குட்டிகளை இழுத்துக்கிட்டு ஏன் அலையுறே? ஓட்டையை என் கையாலேயே அடைச்சிட்டேன். நிம்மதியா போய்ப் படு."

முயல் நம்பித் திரும்பிப் போனது.

அடுத்த காட்டு நரி வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது. வெள்ள மணியின் மூட்டைக்குள் அதே துணை நிரலின் இன்னொரு பிரதி இருந்தது, அதே ஓட்டையோடு. நரி அதற்குள் நுழைந்து மணியின் வாயை அடைத்தது.

மறுநாள் பட்டப்பகலில் வெள்ளம் ஏறியது. மணி அலறவில்லை. பகலில் உறங்கும் வழக்கப்படி வளைக்குள் உறங்கிய முயல்கள் உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தன. ஆறு வளைகிற இடத்தில் நரி உட்கார்ந்து, மிதந்து வந்தவற்றை ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்துக்கொண்டது. தாயையும் நான்கு குட்டிகளையும்கூட.

தண்ணீர் வடிந்த பிறகு அழுங்கு அந்த மூட்டையைப் பிரித்தது. பழைய பிரதியைக் கண்டுபிடிக்க அரை நாழிகைகூட ஆகவில்லை.

குரங்கு பக்கத்தில் நின்று விசும்பியது. "உள்ளே இது இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா."

"நான் பார்க்கவே இல்லையே தம்பி" என்றது அழுங்கு. மூட்டையிலிருந்து கிழித்த சீட்டு அதன் கையில் இருந்தது.

நீதி: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காத ஒன்றுக்கு உறுதி கொடுக்காதே, பார்ப்பதற்குத் துணை கேட்டவரைத் தனியே விடாதே.